வரவை எழுதாத கணக்கு

நூலுக்கு ஆகாதவை என்று நன்னூலார் பத்துக் குற்றங்களை அடுக்கிவைத்தார். ஒரே ஆள், ஒரே கட்டுரையில், அத்தனையையும் செய்துகாட்ட முடியுமா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக இருந்தது. ஆஸ்திரேலிய விசாவுக்கான உடல்நல நிபந்தனையில் யாருக்கும் விலக்கே தரக் கூடாது என்று சென்ற இதழில் வந்த கட்டுரை அதைத் தீர்த்துவைத்தது. குன்றக் கூறலில் தொடங்கி, மயங்க வைத்தல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் என்று ஊர்வலமாகப் போய், நின்று பயனின்மையில் மங்களம் பாடி முடிகிறது.

அலங்காரங்களை உதிர்த்துவிட்டுப் பார்த்தால் கட்டுரையாளரிடம் தேறுவது ஐந்து வாதங்கள். விலக்கு என்பது பின்வாசல்; அது நோயை நாட்டுக்குள் விடுகிறது; வரிப்பணத்தைத் தின்கிறது; டாக்டர் சொன்ன பிறகு மேற்பேச்சு கூடாது; உண்மையிலேயே பரிதாபமான கேஸ் என்றால் மந்திரி பார்த்துக்கொள்வார். இவற்றுக்கு மேல், நாங்களெல்லாம் மெடிக்கல் பாஸ் பண்ணித்தானே வந்தோம் என்ற பெருமிதம் தாராளமாகத் தூவப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். இதழின் வாசகர்கள் விவரமானவர்கள் என்பதால் பதவுரை தேவைப்படாது.

முதலில் பின்வாசல். 1994ஆம் ஆண்டின் குடிவரவு ஒழுங்குவிதிகளின் நான்காம் அட்டவணையை அவர் ஒரு தடவை புரட்டியிருந்தால், 4005, 4007 என்று இரண்டு விதிகள் இருப்பது கண்ணில் பட்டிருக்கும். இரண்டும் விதிப்பது ஒரே உடல்நல நிபந்தனையைத்தான். 4007இல் கூடுதலாக ஒரு பிரிவு உண்டு: இவருக்கு விசா கொடுப்பதால் அளவுக்கு மீறிய செலவோ, உள்ளூர்க்காரருக்குச் சேவை கிடைப்பதில் அளவுக்கு மீறிய பாதிப்போ வராது என்று தெரிந்தால் நிபந்தனையைத் தளர்த்தலாம். யாருக்கு எந்த விதி என்பதை விண்ணப்பதாரர் தேர்ந்தெடுக்க முடியாது, விசாவின் வகைதான் தீர்மானிக்கிறது. கணவன் மனைவி விசா, பிள்ளைகள் விசா, அகதிகளுக்கான விசாக்கள், முதலாளி ஸ்பான்சர் செய்யும் சில விசாக்கள் ஆகியவற்றுக்கு 4007. பாயின்ட் கணக்கில் வரும் திறன்சார் விசாக்களில் பெரும்பாலானவற்றுக்கு 4005. அங்கே பொதுவாக விலக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே விலக்குக் கேட்கக்கூடியவர்கள் யார்? ஆஸ்திரேலியக் குடிமகன் ஒருவரின் மனைவி, அவருடைய பிள்ளை, உயிர் பிழைத்து ஓடிவந்தவர், இவர் இல்லாமல் என் நிறுவனம் ஓடாது என்று இந்நாட்டு முதலாளி ஒருவர் எழுதிக்கொடுத்தவர். இவர்களுக்காகச் சட்டத்திலேயே எண் போட்டு எழுதிவைத்த வழி பின்வாசல் என்றால் முன்வாசல் எது? கட்டுரையாளர் நுழைந்த வழி மட்டும்தானா?

கேட்டவுடன் கிடைத்துவிடும் என்றும் அவர் நினைக்கிறார். மெடிக்கலில் தேறவில்லை என்று முதலில் ஒரு கடிதம் வரும். இந்த நிலைக்கு இவ்வளவு செலவாகும் என்று டாலரில் ஒரு தொகை இருக்கும், பதில் சொல்ல ஒரு கெடுவும் இருக்கும். அதற்குள் அந்தக் குடும்பம் வருமான வரி நோட்டீஸ், சம்பளச் சீட்டு, முதலாளியின் கடிதம், பிள்ளையின் பள்ளி ரிப்போர்ட், ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதிய நாலு பக்கம், தனி நிபுணரிடம் காசு கொடுத்து வாங்கிய மருத்துவக் கருத்து, பக்கத்து வீட்டுக்காரரின் பரிந்துரை என்று ஒரு கட்டுக் காகிதத்தைத் திரட்ட வேண்டும். கடைசியாக, என் பிள்ளையால் இந்த நாட்டுக்கு இவ்வளவுதான் செலவு, இதற்கு மேல் ஆகாது என்று பெற்ற தாயே தன் கையால் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போட்ட எவரும் இதைச் சலுகை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டாவது, மயங்க வைத்தல். கட்டுரையின் பெரும்பகுதியைக் காசநோய் அடைத்துக்கொண்டிருக்கிறது. விலக்கு கொடுத்தால் ரயிலில் எல்லாரும் இருமுவார்கள் என்பது போல ஒரு பீதி. காசநோய்க்கும் பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்தான நோய்களுக்கும் 4007இலும் விலக்கு கிடையாது என்பதை அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம். பதினொரு வயது ஆகிவிட்டால் நெஞ்சு எக்ஸ்ரே. சந்தேகம் என்றால் சளிப் பரிசோதனை. நோய் உறுதியானால் சிகிச்சை முடிந்து குணமாகும் வரை விசா நகராது. விலக்கு என்ற பேச்சு எழுவது செலவு, சேவைத் தட்டுப்பாடு இரண்டில் மட்டுமே. டவுன் சிண்ட்ரோம் தும்மினால் பரவுமா? ஆட்டிசம் பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒட்டிக்கொள்ளுமா? பரவாத ஒன்றை எதிர்ப்பதற்குப் பரவும் நோயைச் சாட்சிக்கூண்டில் ஏற்றும் இந்த வித்தைக்கு மணிமேகலை காலத்துத் தருக்கத்திலேயே ஏதுப் போலி என்று பெயர் உண்டு. மாதவி மகளுக்கு அறவண அடிகள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கட்டுரையாளர் அன்று வகுப்புக்கு வரவில்லை போலிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அவர் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு; அதைத்தான் அவர் தொடவே இல்லை. டயாலிசிஸ், உறுப்பு மாற்று போன்றவை பணத்தால் மட்டும் பெருகாதவை. ஒருவருக்குக் கொடுத்தால் வரிசையில் இன்னொருவர் காத்திருக்க நேரும். நியாயமான கவலை. அந்தக் கேள்வியை விலக்கு விதியே கேட்கிறது என்பதை மேலே சொன்னேன். எதிராளிக்கான வாதத்தையும் நானே எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது. குன்றக் கூறல் என்றால் இப்படித்தான் குன்ற வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். பணம். 2024 ஜூலை முதல் செலவு வரம்பு 86,000 டாலர். அதற்கு முன் 51,000. 2012க்கு முன் 21,000. இந்தத் தொகையைத் தாண்டினால் மெடிக்கல் ஃபெயில். கஜானாவைக் காலிசெய்யும் தொகை போல இதை அவர் எழுதுகிறார். சராசரி ஆஸ்திரேலியர் ஒருவருக்கு ஆகும் மருத்துவ, சமூகச் சேவைச் செலவை அடிப்படையாக வைத்துக் கட்டப்பட்ட வரம்பு இது. நிரந்தரமான குறைபாடு என்றால் பத்தாண்டு வரை கூட்டுவார்கள். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 8,600. 2019 வரை நிரந்தர விசாவுக்கு வரும் பிள்ளையின் எஞ்சிய ஆயுள் முழுவதையும் கூட்டிக்கொண்டிருந்தார்கள். வரம்பு நான்கு மடங்காகி, கூட்டும் காலம் சுருங்கிய பிறகும் நாடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

அந்தச் செலவை எப்படிக் கூட்டுகிறார்கள் என்பதுதான் ருசியான இடம். விண்ணப்பதாரர் அந்தச் சேவையை உண்மையில் பயன்படுத்துவாரா மாட்டாரா என்பதைப் பார்க்க வேண்டியதில்லை என்கிறது விதி. அதே குறைபாடு அதே அளவில் உள்ள ஒரு கற்பனை ஆளை நிறுத்தி, அவருக்கு எதற்கெல்லாம் தகுதி வருமோ அத்தனைக்கும் விலை போடுகிறார்கள். பாட்டி கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாளா, தகப்பன் தனியார் இன்ஷூரன்ஸ் வைத்திருக்கிறாரா, தாய் நர்ஸாக இரவு ஷிஃப்ட் பார்க்கிறாரா என்பது எதுவும் இங்கே கேள்வியே இல்லை. குடும்பம் கட்டும் வரி, அது நிரப்பும் வேலை, அதன் சேமிப்பு எதற்கும் இந்தக் கணக்கில் பத்தி கிடையாது. பற்றை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடும் கணக்குப்பிள்ளையை எந்த மளிகைக் கடைக்காரரும் ஒரு வாரம்கூட வைத்திருக்க மாட்டார். கட்டுரையாளர் அப்படிப்பட்டவரை நிதியமைச்சர் ஆக்கச் சொல்கிறார்.

விலக்குப் பரிசீலனை என்பது அந்த நோட்டின் வரவுப் பக்கத்தைத் திறக்கும் இடம். கற்பனை ஆள் எழுந்துபோய், உண்மையான பிள்ளையும் உண்மையான குடும்பமும் வந்து உட்காருவது அங்கேதான். உண்மையில் எவ்வளவு செலவாகும், குடும்பம் எவ்வளவைத் தானே தாங்கும், அது நாட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறது என்றெல்லாம் கேட்பதும் அங்கேதான். ஆக, வரிப்பணத்தின் மேல் மெய்யாகவே அக்கறை உள்ளவர் விலக்கை ஒழிக்கச் சொல்வாரா, எல்லா விசாவுக்கும் விரிக்கச் சொல்வாரா? கணக்குக் கேட்கிறேன் என்று கிளம்பியவர், முழுக் கணக்குப் பார்க்கும் ஒரே மேசையைத் தூக்கி வெளியே போடச் சொல்வது ஏன்?

காரணம் மாறுகொளக் கூறலில் கிடைக்கிறது. அதே கட்டுரையின் பிற்பகுதியில், பெற்றோர் விசா வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறதே என்று கண்ணீர் விடுகிறார். விடட்டும், எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் 2016இல் உற்பத்தித்திறன் ஆணையம் வெளியிட்ட குடியேற்ற அறிக்கை, பெற்றோர் விசாவில் வரும் ஒருவருக்காக அவர் வாழ்நாளில் அரசு சுமக்கும் செலவு 3,35,000 முதல் 4,10,000 டாலர் வரை என்று மதிப்பிட்டது. கட்டண வகை விசாவில் தலைக்கு 40,000 டாலருக்கு மேல் கட்டுகிறோம். மிச்சத்தை யார் கட்டுகிறார்கள்? அவர் வரிக்கு வரி அழுத அதே வரிசெலுத்துவோர்தானே! போதாததற்கு, 75 வயதைத் தொட்டவருக்கு மூன்றாண்டுச் செலவைக் கூட்டினால் போதும் என்கிறது நடைமுறை; எட்டு வயதுப் பிள்ளையின் நிரந்தரக் குறைபாட்டுக்குப் பத்தாண்டு. முதுமை நோய்ப் பட்டியலில் இல்லை, அதனால் நம் அப்பா அம்மா பாஸ். அவர்கள் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக வரட்டும், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சட்டும், மெடிகேரில் கண்புரை ஆபரேஷன் செய்துகொள்ளட்டும். தன் வீட்டுச் செலவைப் பாசம் என்றும் அடுத்த வீட்டுச் செலவைச் சுமை என்றும் எழுதுகிறவர், அதைப் பொருளாதாரம் என்று அழைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

டாக்டர் வாதத்துக்கு வருவோம். விஞ்ஞானம் சொன்னால் சொன்னதுதான் என்கிறார். இந்த விவகாரத்தில் இரண்டு டாக்டர்கள் உண்டு என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கிறாரே, அந்தப் பானல் டாக்டர் முடிவு சொல்வதில்லை. முடிவு சொல்பவர் கூட்டரசின் மருத்துவ அதிகாரி. பெரும்பாலும் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் ஃபைலைப் பார்த்தே சொல்கிறார். அவர் சொன்னதைச் சரியென்றே கொள்ள வேண்டும் என்று விசா அதிகாரியின் கையையும் விதி கட்டிப்போட்டிருக்கிறது. நோய் எது, எவ்வளவு என்பது மருத்துவம். பத்தாண்டில் எவ்வளவு டாலர் என்பதையும் நாடி பிடித்தா சொல்கிறார்கள்?

2005இல் ராபின்சன் வழக்கில் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம் சொன்னதை அவர் படித்திருக்கலாம். கற்பனை ஆள் என்றாலும், விண்ணப்பதாரரின் குறைபாடு எந்த வடிவில் எந்த அளவில் இருக்கிறதோ அதையே அந்த ஆளுக்கும் கொடுத்து மதிப்பிட வேண்டும். டவுன் சிண்ட்ரோம் என்ற பெயரை மட்டும் வைத்துச் செலவு போடக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. ஒரு சிறுவனின் நிலை லேசானதா கடுமையானதா என்று பார்க்கும்படி மருத்துவ அதிகாரிகளுக்கு நீதிபதி சொல்ல வேண்டி வந்ததே, அந்த விஞ்ஞானத்தின் முன்னால்தான் நாம் கைகட்டி நிற்க வேண்டுமாம். அதே 2005இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஹிலெவிட்ஸ் வழக்கில் இன்னும் ஒருபடி மேலே போனது. குடும்பத்தின் வசதியையும், செலவைத் தானே ஏற்கும் அதன் திறனையும் சேர்த்துத்தான் ஒவ்வொருவரையும் மதிப்பிட வேண்டும் என்றது. 2018இல் அந்த நாடு செலவு வரம்பை மும்மடங்காக்கி, சிறப்புக் கல்வியைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. கனடா கடையைக் கட்டிவிட்டதாகத் தகவல் இல்லை.

ஐந்தாவது, மந்திரியின் கருணை. இதற்கு அவர் கொண்டுவரும் சாட்சி, 2008இல் விக்டோரியா மாநிலத்தின் ஹார்ஷம் ஊரில் நடந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். ஓணானாவது வேலிக்குச் சாதகமாகப் பேசும். கிராமப்புறத்தில் டாக்டர் பஞ்சம் என்று ஜெர்மனியிலிருந்து வரவழைத்த ஒரு மருத்துவருக்கு, மகனின் டவுன் சிண்ட்ரோமைக் காட்டி நிரந்தர வதிவுரிமை மறுத்தது குடிவரவுத் துறை. தீர்ப்பாயமும் கைவிரித்தது. ஊர் திரண்டது, பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன, பிறகுதான் அன்றைய அமைச்சர் கிறிஸ் எவன்ஸ் தலையிட்டு வதிவுரிமை கொடுத்தார். ஒரு வட்டாரத்தின் நோயாளிகளைப் பார்ப்பவரின் பிள்ளையை, அந்த வட்டாரத்துக்குச் சுமை என்று ஒரு விதி சொன்னது. அந்த அபத்தத்தைத் திருத்த தேசமே கூச்சல் போட வேண்டியிருந்தது. ஏற்பாடு அழகாக வேலைசெய்கிறது என்பதற்கு இதுவா ஆதாரம்? அந்தக் கூச்சலை அடுத்து நடந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழு விசாரணையின் 2010 அறிக்கை, செலவோடு குடும்பத்தின் பங்களிப்பையும் எடைபோட வேண்டும் என்று பரிந்துரைத்ததை ஏன் விழுங்கிவிட்டார்? முழுப் பூசணிக்காய் ஆயிற்றே, தொண்டையில் சிக்கவில்லையா?

2023இல் பெர்த்தில் அதே நாடகம் மறுபடி அரங்கேறியது. கேரளத்திலிருந்து போய் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்த தம்பதி, டவுன் சிண்ட்ரோம் உள்ள பத்து வயது மகன், மறுப்பு, மனு, டி.வி. காமிரா, மந்திரி. குடிவரவுச் சட்டத்தின் 351ஆம் பிரிவு தரும் இந்த அதிகாரம் தீர்ப்பாயத்திலும் தோற்ற பிறகுதான் கைகொடுக்கும். அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று மந்திரியை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மூன்றாம் பத்தியில் முழங்கியவர், கடைசிப் பத்தியில் ஒரு தனிமனிதரின் மனநிலையை நம்பச் சொல்கிறார். எழுதிவைத்த விலக்கு அநீதியாம், எழுதப்படாத தயவு நீதியாம். காமிரா வராத வீடுகள் எத்தனை என்று அவருக்குத் தெரியுமா? பெட்டியைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் விமானம் ஏறியவர்களுக்கு மனு போட ஊர் இல்லை.

மிஞ்சுவது அந்தப் பெருமிதம். மெடிக்கல் பாஸ் ஆனது என்ன, தவம் கிடந்து வாங்கிய வரமா? எக்ஸ்ரே எடுத்த அன்று நெஞ்சு சுத்தமாக இருந்தது, ரத்தத்தில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதானே. வதிவுரிமை கைக்கு வந்த மறுமாதம் பக்கவாதம் வந்திருந்தால் மெடிகேர் அவரைத் தாங்கியிருக்கும். பத்தாண்டுச் செலவு என்ன என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இங்கே வந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு ஆட்டிசம் என்றால் அதே கட்டுரையாளர் சலுகை விண்ணப்பங்களோடு முதல் வரிசையில் நிற்பார். நிற்கத்தான் வேண்டும், அது அவர் உரிமை. தாமதமாக வரும் நோய்க்கும் முன்கூட்டி வந்த நோய்க்கும் இடையில் உள்ள வித்தியாசம் தேதிதான், தகுதி அல்ல.

வரலாறும் அவருக்குச் சாதகமாக இல்லை. வெள்ளை ஆஸ்திரேலியாவின் அடிக்கல்லான 1901ஆம் ஆண்டுக் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவை எடுத்துப் பார்க்கட்டும். ஐம்பது சொல் டிக்டேஷன் வைத்து நம் நிறத்தவரை வெளியே நிறுத்தியது அந்தப் பிரிவின் முதல் உட்பிரிவு. அதற்கு அடுத்தடுத்த உட்பிரிவுகள்? பொதுப் பணத்துக்குச் சுமையாகக்கூடியவர், மனவளர்ச்சி குன்றியவர், மனநோயாளி, தொற்றுநோயாளி. 1958இல் டிக்டேஷன் ஒழிந்தது. சுமை என்ற சொல் மட்டும் டாலர் வேஷம் போட்டுக்கொண்டு தங்கிவிட்டது. 1992இல் மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்தக் கூடாது என்று சட்டம் இயற்றிய அரசு, அதன் 52ஆம் பிரிவில் குடிவரவுச் சட்டத்தைப் பத்திரமாக வெளியே வைத்துக்கொண்டது. 2008 ஜூலையில் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றபோது, எங்கள் உடல்நல நிபந்தனையை இது தொடாது என்று ஒரு பிரகடனத்தை இணைத்துக்கொண்டது. யாருக்கும் விலக்கு கூடாது என்று முழங்குகிறவருக்கு, அரசு தனக்குத்தானே எழுதிக்கொண்ட இந்த இரண்டு விலக்குகளும் கண்ணில் படவே இல்லை. குடும்பங்கள் கட்டுக் காகிதத்தோடு கேட்டால் மோசடி, அரசு ஒரு வரியில் எடுத்துக்கொண்டால் இறையாண்மை.

அந்த மூன்றாம் பிரிவின் முதல் வரியால் தடுக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல், பின்வரிகளுக்குக் காவல் நிற்க ஏன் துடிக்கிறார்? நான் நல்ல குடியேறி, அவர்களைப் போல அல்ல என்று வீட்டுக்காரரிடம் காட்டிக்கொள்ளும் அவசரம்தான். எந்த வாசலில் நம்மை நிறுத்திவைத்தார்களோ அதே வாசலில் வாட்ச்மேன் வேலை கிடைத்தால் போதும் என்று நினைப்பதில் விவேகம் இருக்கலாம், கௌரவம் இல்லை.

ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வரட்டும். செலவுதான் கவலை என்றால் வரவையும் எழுதச் சம்மதிக்கட்டும். பெற்றோரின் பெயரையும் அதே நோட்டில், அதே பத்தாண்டுக்குச் சேர்க்கட்டும். கூட்டிப் பார்த்த பிறகு எந்தக் குடும்பம் பற்றில் நிற்கிறது என்று பொதுவில் பேசலாம், நான் வருகிறேன். அதற்குச் சம்மதமில்லை என்றால் பணத்தை விட்டுவிட்டு, இந்தப் பிள்ளைகள் தன் தெருவில் வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதிவிடட்டும். அப்படி எழுதிவிட்டால் எதிர்வினை எழுதும் வேலை யாருக்கும் மிச்சமிருக்காது.